முந்திக் கொடுத்த ராஜினாமா

1

“அக்கா, பதினோரு மணிக்கு ஒரு மீட்டிங் போட்டிருக்காங்க. சப்ஜெக்ட் ஒண்ணும் இல்ல. எச்.ஆர். லேடியும் இருக்காங்க. ஜெபாகிட்ட இன்னும் சொல்லல.”

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் புதன்கிழமை காலையில் செல்வின் எனக்கு அனுப்பிய செய்தி இது. அமெரிக்கா வந்த நாளிலிருந்து தேதி போட்டுக் குறிப்பெழுதும் பழக்கம் எனக்கு உண்டு. ஆலங்கட்டி மழை, பிள்ளையின் காய்ச்சல், சபையில் எந்தக் குடும்பம் எந்த ஊருக்கு மாறிப் போனது என்பது வரை எழுதிவைப்பேன். அந்தச் செய்தியையும் ஓர் எழுத்து மாற்றாமல் அன்றே படியெடுத்து வைத்தேன்.

அதை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தது நேற்று அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல். ஒவ்வொரு மார்ச்சிலும் வரும். ஊழியர் கையேட்டைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று திரையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விடுமுறை, உடை, கடவுச்சொல் என்று பக்கம் பக்கமாகப் போகும் அந்தக் கையேட்டில் உண்மையில் ஒரே ஒரு பத்திதான் எடை உள்ளது. இந்த வேலை இரு தரப்பின் விருப்பத்தைப் பொறுத்தது. எவரும் எப்போதும், காரணம் சொல்லியோ சொல்லாமலோ, முன்னறிவிப்பு தந்தோ தராமலோ முடித்துக்கொள்ளலாம். இந்தக் கையேடு ஒப்பந்தம் ஆகாது. அவ்வளவுதான். நான் ஆண்டுதோறும் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். மற்றவர்கள் படிக்காமல் அழுத்துகிறார்கள். இரண்டுக்கும் விளைவில் வித்தியாசம் இல்லை.

டெக்சாஸில் வேலை இப்படித்தான் என்றால் ஊரில் இருப்பவர்கள் நம்புவதில்லை. என் தம்பி நாகர்கோவிலில் மின்வாரியத்தில் இருக்கிறான். “யூனியன் இல்லியா?” என்றான். எங்கள் தொழிலில் இல்லை. “விளக்கம் கேட்டு மெமோ?” கட்டாயம் இல்லை. “மூணு மாச நோட்டீஸ்?” இல்லை. “அப்ப நீ தெனமும் போயி, வேலை இருக்கா இல்லியான்னு பாத்துட்டு வாறியாக்கும்?” என்று கேட்டான். சிரித்துவிட்டேன். ஆனால் அதைவிடச் சரியாக எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லி நான் படித்ததில்லை.

2

செல்வின் பாளையங்கோட்டைக்காரன். சென்னையில் இரண்டு கம்பெனிகளில் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு, பிளானோவில் நான் வேலை செய்யும் அதே நிறுவனத்துக்கு விசாவில் வந்தான். என்னுடையது வேறு கட்டடம். எங்கள் தமிழ்ச் சபைக்கு வந்த முதல் ஞாயிறே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். மனைவி ஜெபா. மகள் ரியா, கைக்குழந்தையாக வந்தவள், அப்போது பள்ளியின் கடைசி வருடத்துக்கு வந்திருந்தாள். அவனுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் வரிசையில் நின்றது. அந்த வரிசையைப் பற்றி எழுதினால் அது தனிப் புத்தகம்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சென்னை ஐ.டி. உலகில் ‘ரிலீவிங் லெட்டர்’ என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனியிலிருந்து முறைப்படி ராஜினாமா செய்து, நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்து முடித்தால், இவரை விடுவித்தோம் என்று ஒரு தாள் தருவார்கள். அது இல்லாமல் அடுத்த கம்பெனிக்குள் நுழைய முடியாது. செல்வினோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவனை அவனது கம்பெனி ஒரு நாள் நீக்கிவிட்டது. அந்தத் தாள் கிடைக்காமல் அவன் இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் மாமனாரின் பெயிண்ட் கடையில் உட்கார்ந்தான். செல்வின் அவனைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான், ஏதோ நோயைப் பற்றிப் பேசுவது போல.

நம் பேச்சிலேயே அந்தக் கோடு இருக்கிறது. ‘வேலைய விட்டுட்டான்’ என்றால் ஒருவனைப் பற்றி ஊர் ஒரு மாதிரி நினைக்கும். ‘வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க’ என்றால் வேறு மாதிரி நினைக்கும். செல்வின் கடல் தாண்டி வந்தபோது அந்தக் கோட்டையும் கூடக் கொண்டுவந்திருந்தான்.

3

அந்த மார்ச்சுக்கு முந்தைய அக்டோபரில் ஜெபாவுக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும், இரண்டாவது ஏப்ரலில் என்று மருத்துவர் முன்பே நாள் குறித்துவிட்டார். மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காக வருடத்தில் பன்னிரண்டு வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்க இங்கே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. அப்படி எடுத்ததற்காக ஒருவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எந்தக் காரணமும் இல்லாமல் நீக்கலாம் என்ற பெரிய சுவரில் இருக்கிற சில சிறிய ஜன்னல்களில் இது ஒன்று. இனம், மதம், வயது, உடற்குறை இவற்றுக்காக நீக்கக் கூடாது என்பவை மற்றவை.

செல்வின் தயங்கித் தயங்கித்தான் அந்த விடுப்பைக் கேட்டான். கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பியபோது பழைய மேனேஜர் மாறிப் போயிருந்தார். புதியவர் ஜனவரியில் அவனை அழைத்து, வேலைத் தரத்தை உயர்த்திக்கொள்ள ஒரு திட்டம் என்று கொடுத்தார். இங்கே எல்லோரும் அதைப் ‘பிப்’ என்பார்கள். பெயரளவில் அது உதவி; கெடுவுக்குள் தேறாவிட்டால் வேலை போகும். அதிலிருந்து மீண்டவர்கள் உண்டு. நான் பார்த்தவர்களில் குறைவு.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. எதுவும் பெரிய விஷயம் இல்லை. வாராந்திரக் கூட்டங்களில் இரண்டு அவனது காலண்டரிலிருந்து தாமாகவே காணாமல் போயின. அவன் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் அவனுக்கு வராமல் அவனுக்குக் கீழே இருந்தவனுக்குப் போனது. தான் செய்யும் வேலையை எல்லாம் வீடியோவாகப் பதிவுசெய்து வைக்கச் சொன்னார்கள், வேறு ஊரில் இருக்கும் குழுவுக்கு உதவியாக இருக்கும் என்று.

“பொணம் எந்திரிச்சு உக்காந்து தன்னையே போட்டோ எடுத்த மாதிரி இருக்குக்கா,” என்றான் ஒரு நாள், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி. ஜெபாவால் நிற்க முடியாததால் அந்த நாட்களில் ரியாதான் அதைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் ரொட்டியும் வேகவைத்த முட்டையும்.

ஜெபாவின் காப்பீடு செல்வினின் வேலையோடு கட்டப்பட்டது. அவர்கள் மூவரும் இந்த நாட்டில் தங்கியிருக்கும் உரிமையும் அதே வேலையோடு கட்டப்பட்டது. வேலை நின்றால் அறுபது நாளுக்குள் இன்னொரு கம்பெனி விசாவை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். ஏப்ரல் வரை அந்த வேலை நிற்காமல் இருக்க வேண்டும். இதுதான் அன்று அந்தக் குடும்பத்தின் ஒரே கணக்கு.

என் மகன் இங்கே பிறந்தவன். இதில் என்ன அநியாயம், வேலை பார்ப்பவரும் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாமே, இரண்டு பக்கமும் சமம்தானே என்று வாதாடினான். சமம்தான். அவனுக்கு.

4

அந்த மீட்டிங் நடந்த புதன்கிழமைக்கு முந்திய ஞாயிறு மாலை செல்வினையும் ரியாவையும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவின் மகள் தர்ஷினி தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல். டாலஸில் பிறந்து வளர்ந்தவள், அம்மாவிடம் கற்ற தமிழை விடாமல் பேசுவாள். எனக்காக ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். விடுப்பிலிருந்து வந்த கொஞ்ச காலத்துக்குள் நீக்கினால், ஏன் இப்போது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஜெயிப்போம் என்று சொல்ல முடியாது, ஆனால் கேள்வி இருக்கும், கேள்வி இருக்கும் வரை பேரம் பேசலாம். காப்பீட்டைச் சில மாதம் நீட்டச் சொல்லிக் கேட்கலாம். ராஜினாமா செய்துவிட்டால் அந்தக் கேள்வியே அநேகமாகக் காணாமல் போய்விடும். ஊர் திரும்பும் செலவைக்கூட, விசா காலம் முடியும் முன் கம்பெனி நீக்கினால்தான் கம்பெனி தர வேண்டும்; தானாக விலகினால் கிடையாது.

“அவை வேலையால நிப்பாட்டினா நிப்பாட்டட்டும், அண்ணா. அது அவையின்ர அலுவல். நீங்களா விட்டிட்டுப் போகாதேங்கோ. என்ன தந்தாலும் அண்டைக்கே சைன் வைக்காதேங்கோ.”

செல்வின் தலையாட்டினான். பிறகு, “டெர்மினேட்டட்னு ரெக்கார்டுல ஏறிருமேம்மா,” என்றான்.

“எந்த ரெக்கார்டில?”

ரிலீவிங் லெட்டர் தர மாட்டார்களே என்றான். தர்ஷினி என்னைப் பார்த்தாள். அது என்னவென்று நான் விளக்க வேண்டியிருந்தது. இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. இங்கே புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டால் பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இவற்றைத்தான் சொல்வார்கள் என்றாள்.

அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ரியா நிமிராமலே, “டோன்ட் க்விட், அப்பா. மேக் தெம் டூ இட்,” என்றாள்.

“கேட்டீங்களாக்கா, அப்பன வெளிய தள்ளுறதுக்குப் பிள்ளைக்கு என்னா அவசரம்னு,” என்றான் செல்வின். எல்லோரும் சிரித்தோம். போகும்போது, மேடம் சொன்னபடியே செய்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னான். என் குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன், அடிக்கோடிட்டு. ஏன் அடிக்கோடிட்டேன் என்று நினைவில்லை. நம்பாததால் இருக்கலாம்.

5

புதன்கிழமை பதினோரு மணிக்கு நடந்ததை அன்றே செல்வின் சொன்னபடி தருகிறேன். அந்த அறையில் இருந்த மூவரில் என்னிடம் வாய்திறந்தவன் அவன் மட்டுமே.

கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறை. மேனேஜரும், ஊழியர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் பார்க்கும் எச்.ஆர். பெண்மணியும் முன்னதாகவே உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் தாள் எதுவும் இல்லை, இருவரின் மடிக்கணினிகள் மட்டும். தண்ணீர் வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார். வேண்டாம் என்றான். வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, “செல்வின், டுடே வீ வான்ட் டு…” என்று அவர் தொடங்கினார்.

செல்வின் கையை உயர்த்தினான். மன்னிக்கவும், அதற்கு முன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன் என்றான். தான் ராஜினாமா செய்ய முடிவெடுத்திருப்பதாகவும், இரண்டு மாதம் நோட்டீஸ் தருவதாகவும், எல்லா வேலையையும் பொறுப்பாக ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்றும், பதிலுக்கு ஒரு நல்ல கடிதம் மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொன்னான். இரண்டு மாதம் என்றால் ஏப்ரல் தாண்டிவிடும், ஜெபாவின் ஆபரேஷன் முடிந்துவிடும். நடைபாதையில் வரும்போதுதான் அந்த யோசனை வந்ததாம். மானமும் போகாது, காப்பீடும் போகாது. அந்த நிமிடத்தில் அது அவனுக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றியிருக்கிறது.

அந்த அம்மாள் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேசையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் மிகவும் மென்மையாக, உங்கள் முடிவை மதிக்கிறோம், நோட்டீஸ் எல்லாம் தேவையில்லை, இன்றே கடைசி நாளாக இருக்கட்டும், ஒரு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள் என்றார். விருப்பம் இரு தரப்புக்கும் சமம் அல்லவா. அவன் இரண்டு மாதம் கொடுத்தால் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செல்வின் அங்கேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தான். ஒரு வரியாக அல்ல. வாய்ப்புக்கு நன்றி, இங்கே நிறையக் கற்றுக்கொண்டேன் என்று மூன்று பத்தி. அனுப்பிய பிறகு எழுந்து இருவருக்கும் கைகொடுத்தான்.

அவன் கூப்பிட்டு நான் கார் நிறுத்துமிடத்துக்குப் போனபோது நண்பகல். மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் இங்கே சூறாவளி எச்சரிக்கைச் சங்கை ஒத்திகை பார்ப்பார்கள். வானம் நீலமாகத் தெளிந்திருக்க, ஊர் முழுக்க அது ஓலமிட்டுக்கொண்டிருந்தது. அது ஓயும் வரை இருவரும் நின்றோம். செல்வின் கையில் ஒரு அட்டைப்பெட்டி. முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. நீண்ட நாள் பல்வலி நின்றவன் போல இருந்தான்.

“அவங்க தூக்கலக்கா. நானா விட்டேன்.”

தர்ஷினி சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்டேன்.

“ஞாபகம் இருந்துச்சி. ஆனா அந்த அம்மா வாயத் தொறந்ததும், அந்த வார்த்தைய என் காதால கேக்க முடியாதுன்னு தோணிட்டு. ஒரு தடவ கேட்டாச்சின்னா போகாதுல்லா.”

6

தர்ஷினிக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். “அண்ணை முந்தீட்டார்,” என்றாள். மேற்கொண்டு அவள் சொன்னவை எல்லாம் சட்டம். மிரட்டி ராஜினாமா வாங்கினார்கள் என்று காட்ட முடியுமா என்று யோசித்தாள். யாரும் மிரட்டவில்லை. மூன்று பத்தி நன்றி வேறு இருக்கிறது.

காப்பீடு அந்த மாதக் கடைசியோடு நின்றது. சொந்தச் செலவில் நீட்டிக்க வழி உண்டு, ஆனால் சம்பளமே இல்லாதவன் கட்டக்கூடிய தொகை இல்லை அது. ஏப்ரல் ஆபரேஷனை ஜெபாவே தொலைபேசியில் ரத்து செய்தாள். செல்வின் பல நேர்முகங்களுக்குப் போனான், இர்விங்கில் ஒரு கம்பெனி கடைசிக் கட்டம் வரை வந்து, விசா மாற்றம் என்றதும் மௌனமாகிவிட்டது. அவனது பழைய வேலையைப் பற்றி யாரும் ஒரு கடிதமும் கேட்கவில்லை. எப்படி வெளியேறினாய் என்றும் யாரும் கேட்கவில்லை.

சபையில் ஒரு ஞாயிறு அறிவிப்பில், சகோதரர் செல்வின் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் வந்து, பெத்தவங்களப் பாத்துக்கப் போறீங்க, எங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது என்று பாராட்டிக் கைகுலுக்கினார்கள். செல்வின் சிரித்தான். பக்கத்தில் இடுப்புப் பட்டையோடு சாய்ந்து நின்ற ஜெபா சிரிக்கவில்லை. என் காதருகில், “நாங்களே விட்டுட்டு வந்தோம்னுதான் ஊர்லயும் சொல்லப்போறோம்க்கா. அது ஒண்ணுதான் மிச்சம்,” என்றாள்.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை கிளம்பினார்கள். பள்ளி முடிய இன்னும் சில வாரம் இருந்தது. பட்டமளிப்பு அங்கி ரியாவின் பெயரில் பள்ளி அலுவலகத்தில் கிடந்தது, நான் போய் வாங்கி வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் அவள் அப்பாவோடு பேசவில்லை. கோபமா என்று கேட்டேன். “ஐ டோல்ட் ஹிம், ஆன்ட்டி,” என்றாள்.

ஜெபாவின் இரண்டாவது அறுவைச் சிகிச்சை ஜூலையில் மதுரையில் நடந்தது. தாமதத்தால் மரத்துப்போன இடது காலில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. தாமதத்தால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை; ஜெபா சொல்கிறாள். ரியா திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். இங்கே தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னவள், அங்கேயும் அப்படியே சொல்கிறாளாம்.

7

ஜெபா மாதம் ஒரு முறையாவது என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்கிறாள். அன்றைக்கு அவர்கள் இவரை நீக்கத்தான் கூப்பிட்டார்களா? நீக்கத்தான் என்றால் செல்வின் தூக்கிப் போட்டது ஒரு வழக்கை. இல்லை என்றால் அவன் தூக்கிப் போட்டது ஒரு வேலையை, அவளது இடது காலை, ரியாவின் மே மாதத்தை. செல்வின் அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் என்னோடு பேசும்போது அவன் அறையை விட்டு வெளியே போய்விடுவான் என்று சொன்னாள்.

எனக்குத் தெரிந்த அளவில் விசாரித்தேன். கிடைத்தவை இரண்டு.

கணினி உதவிப் பிரிவில் இருக்கும் ஒருவர் சொன்னது: செல்வினின் அனுமதிகளை முடக்கும் கோரிக்கை செவ்வாய்க்கிழமை மாலையே வந்துவிட்டது. அப்படியானால் முடிவு முதல் நாளே எடுக்கப்பட்டது என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றும்போதும் அதே கோரிக்கைதான் வரும் என்றார்.

செல்வினின் குழுவில் இருந்த ஒரு பெண் சொன்னது: பிப் பிப்ரவரிக் கடைசியில் நல்லபடியாக முடிந்துவிட்டது, அவனை வேறொரு மேனேஜரிடம் மாற்றப் போகிறார்கள் என்று குழுவில் பேச்சு இருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டால் எல்லோரும் சொன்னார்கள் என்கிறாள். அப்படி ஒரு மாற்றத்துக்கு எச்.ஆர். ஏன் வர வேண்டும் என்று கேட்டேன். அதுவும் சரிதான் என்றாள்.

மேனேஜரிடம் நான் கேட்க முடியாது. எனக்கும் அந்தக் கையேட்டுப் பத்தி பொருந்தும். எச்.ஆர். பெண்மணியிடம் கேட்கலாம் என்று செப்டம்பரில் ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அலுவலகப் பெயர்ப் பட்டியலில் அவரைத் தேடினேன். அவர் பெயர் இல்லை. எப்போது போனார், அவராக விட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜெபாவுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. அந்த அம்மாள் ‘இன்று நாங்கள்’ என்று தொடங்கிய வாக்கியம் எப்படி முடிய இருந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. என் குறிப்பில் அந்தப் புதன்கிழமைக்கு நேரே அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.